இரண்டு பெயர் எழுதிய ஊர்

வெளிநாடு போய்த் திரும்பியவனிடம் நம்மூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன பண்ணினீங்க?" என்பது. இரண்டாவது, "எங்கே தங்கினீங்க?" பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் ஐந்து வாரம் இருந்துவிட்டு வந்த என்னிடமும் இந்த இரண்டையும்தான் எல்லோரும் கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். கூடவே யாரும் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது அந்த ஊரின் மொழி பற்றியது.

பிரஸ்ஸல்ஸ் இரண்டு மொழி ஊர். பிரெஞ்சும் டச்சும் அங்கே சட்டப்படி சமம். தெருப்பெயர், ரயில் நிலையம், மெட்ரோ, நகராட்சி நோட்டீஸ் என எல்லாமே இரண்டிலும் இருக்கும். ஊரின் பெயரே பிரெஞ்சில் ப்ருஸ்ஸெல், டச்சில் ப்ரஸ்ஸல்.

நான் ஆர்.எம்.எஸ்ஸில் 36 வருடம் சார்ட்டிங் வேலை பார்த்தவன். ஓடுகிற ரயிலில் இரவு முழுக்க நின்றுகொண்டு கடிதம் பிரித்த கை இது. 'டான்ஜூர்' என்று எழுதியிருந்தாலும் தஞ்சாவூர் பையில்தான் போடுவோம். மாயவரம் என்றாலும் மயிலாடுதுறை என்றாலும் ஒரே பைதான். ஆகவே புது ஊரில் இறங்கியதும் கோபுரத்தைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், என் கண் முதலில் பெயர்ப்பலகைக்குத்தான் போகும். அந்த வகையில் பிரஸ்ஸல்ஸ் எனக்கு விருந்து.

பிரெஞ்சில் 'தெரு' என்ற சொல் பெயருக்கு முன்னால் வரும். டச்சில் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் சில பலகைகளில் சிக்கனமாக ஒரு வேலை செய்திருக்கிறார்கள். பெயரை நடுவில் ஒரே ஒரு தடவை எழுதி, மேலே பிரெஞ்சில் 'தெரு', கீழே டச்சில் 'தெரு' என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு பெயரை இரண்டு மொழியும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

எல்லாப் பெயரும் இப்படிச் சமாதானமாகப் போய்விடுவதில்லை. ஊர் நடுவே கிராண்ட் பிளாஸ் என்ற பெரிய சதுக்கம் இருக்கிறது. டச்சில் குரோட்டே மார்க்ட், அதாவது பெரிய சந்தை. 1695-ல் பிரெஞ்சுப் படையின் பீரங்கிகள் இதைத் தரைமட்டமாக்க, அங்கிருந்த தொழிற்சங்கங்கள் சில வருடங்களிலேயே முன்னைவிட அழகாகக் கட்டி நிமிர்த்தின. அந்தச் சதுக்கத்தில், 96 மீட்டர் கோபுரம் கொண்ட நகர மண்டபத்துக்கு எதிரே ஒரு கட்டிடம். பிரெஞ்சில் அதற்கு 'அரசன் வீடு' என்று பெயர். டச்சில் 'ரொட்டி வீடு'. மொழிபெயர்ப்புப் பிழை இல்லை. வெகு காலத்துக்கு முன் அந்த இடத்தில் ரொட்டி விற்றார்கள். பிறகு ஆட்சியாளரின் அலுவலகம் வந்தது. ஒரு மொழி ரொட்டிக்காரனை ஞாபகம் வைத்துக்கொண்டது, இன்னொன்று அரசனை. உலகம் முழுக்கப் படத்தில் பார்த்திருக்கும் அந்தச் சிறுநீர் கழிக்கும் பையன் சிலையின் அசல் இந்தக் கட்டிடத்துக்குள்தான் இருக்கிறது. தெருமுனையில் நிற்பது நகல். அவன் பெயரான 'மன்னெகென் பிஸ்' உள்ளூர் டச்சு வட்டார வழக்கு. பிரெஞ்சுக்காரர்களும் அதை அப்படியேதான் சொல்கிறார்கள்.

சரி, தங்கிய கதைக்கு வருகிறேன். மகள், மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பேத்தி மூவரும் இருப்பது ஒரே படுக்கையறை கொண்ட அடுக்ககம். அதில் நானும் என் மனைவியும் நுழைந்தால் மூச்சுவிட இடமிருக்காது. எனவே இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டின் இரண்டாவது மாடியை மகள் வாடகைக்குப் பிடித்திருந்தாள். பிரஸ்ஸல்ஸ் பழைய வீடுகள் நம் அக்ரகாரத்து வீடுகள் மாதிரி. முகப்பு குறுகல், உள்ளே நீளம், அறைக்குப் பின் அறையாகப் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும். ஆனால் நம் வீடு பின்னால் நீளும், அவர்கள் வீடு மேலேயும் ஏறும். லிஃப்ட் கிடையாது. படிகள் ஏணி போல் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் அறை எடுக்கும்போது "எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தரைத்தளத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

குப்பை போடுவது தனிப் பாடம். காகிதத்துக்கு மஞ்சள் பை, பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் நீலப் பை, சமையல் கழிவுக்கு ஆரஞ்சு, மிச்சத்துக்கு வெள்ளை. எந்தப் பையை எந்தக் கிழமை வாசலில் வைக்க வேண்டும் என்பதற்குக் கால அட்டவணை உண்டு. என் மனைவி அதைக் காலண்டரில் ஏகாதசி, பிரதோஷம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். தனியாக வாழ்கிறார். தாய்மொழி பிரெஞ்சு. ஆங்கிலம் எங்களைப் போலவே நிதானமாகப் பேசுவார், அதனால் நன்றாகப் புரிந்தது. நாங்கள் அவரை 'மதாம்' என்றே கூப்பிட்டோம்.

இப்போது சாப்பாடு. நாங்கள் இருவரும் சைவம். பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவல் தேசிய உணவு மாதிரி. கிழங்கை இரண்டு தடவை பொரித்து, கூம்புக் காகிதத்தில் போட்டுத் தருவார்கள். பார்க்க சைவமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய முறைப்படி பொரிக்கும் இடங்களில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். தாவர எண்ணெயில் செய்யும் கடைகளும் இருக்கின்றன, கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். ஆகவே கேட்டுவிட்டு வாங்குங்கள். உணவகத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் தானாக வராது. பாட்டிலுக்குக் காசு. வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம், நாங்கள் எப்போதும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிளம்பினோம்.

வாஃபிள் இரண்டு வகை. நீள்சதுரமாக, லேசாக, மொறுமொறுவென்று இருப்பது பிரஸ்ஸல்ஸ் வகை. கனமாக, உள்ளே கற்கண்டு மாதிரி சர்க்கரை கடிபடுவது லீஜ் வகை. பல் சரியில்லாதவர்களுக்கு முதல் வகையே உத்தமம். இரண்டிலும் முட்டை உண்டு, ஆகவே நாங்கள் பேத்தி சாப்பிடுவதைப் பார்த்து மகிழ்ந்ததோடு சரி. சாக்லெட்டுக்கு 1847-ல் திறந்த கண்ணாடிக் கூரை போட்ட கடைத்தெரு ஒன்று இருக்கிறது. உள்ளே பூரணம் வைத்த 'பிரலீன்' சாக்லெட்டை 1912-ல் கண்டுபிடித்த நியூஹவுஸ் கடை அங்கேதான். அந்தக் குடும்பத்தார் 1857-ல் முதலில் வைத்தது மருந்துக்கடை என்பது கூடுதல் செய்தி.

காய்கறிக்கு மத்தோன்ஜே என்ற பகுதிக்குப் போனோம். பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவிலிருந்து வந்தவர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, வெண்டைக்காய் எல்லாம் குவிந்து கிடக்கும். நம் பக்கத்து மளிகை விற்கும் கடைகளும் உண்டு. ஊரிலிருந்து சாமான் கட்டுகிறவர்கள் கவனிக்க: பால் பொருள்களும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பால்கோவாவை மறந்துவிடுங்கள். காப்பிப் பொடிக்குத் தடை இல்லை.

அந்தக் காப்பிப் பொடிதான் எங்களுக்கும் மதாமுக்கும் நட்பை உண்டாக்கியது. ஒரு காலை நான் பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். வாசனை படியிறங்கிப் போயிருக்கிறது. மதாம் மேலே ஏறி வந்து, மூக்கை உறிஞ்சி, "ஷிக்கோரே!" என்றார். சிக்கரி! அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் அம்மாவும் காப்பியில் சிக்கரி கலப்பாராம். கும்பகோணத்துக் காப்பியை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் ஒரு தட்டு கொண்டுவந்தார். வெள்ளையாக, கூர்மையாக, பெரிய மொக்கு போன்ற ஒரு கீரை, மேலே பாலாடைக்கட்டி போட்டு வாட்டியது. வழக்கமாகப் பன்றி இறைச்சியைச் சுற்றித்தான் செய்வார்களாம், எங்களுக்காக அது இல்லாமல் செய்திருந்தார். அந்தக் கீரையும் சிக்கரிச் செடிதான். வேரை எடுத்து இருட்டில் புதைத்து வைத்தால் வெளிச்சம் படாமல் இப்படி வெளுத்த மொக்கு வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில்தான் இந்த வித்தை தொடங்கியது. நாம் வேரை வறுத்துக் குடிக்கிறோம், அவர்கள் மொக்கைச் சாப்பிடுகிறார்கள். லேசான கசப்பு. மணத்தக்காளிக் கீரை பழகிய நாக்குக்குப் பிடிக்கும்.

"இதற்குப் பெயர் என்ன?" என்று கேட்டேன். "நான் ஷிக்கோன் என்பேன். என் பாட்டி விட்லோஃப் என்பாள்" என்றார் மதாம். விட்லோஃப் என்றால் டச்சில் வெள்ளை இலை. ஒரே குடும்பத்தில் ஏன் இரண்டு பெயர் என்று கேட்டபோதுதான் அந்தக் கதை வந்தது.

பிரஸ்ஸல்ஸ் ஆதியில் டச்சு பேசிய ஊர். 1830-ல் பெல்ஜியம் தனி நாடானபோது நீதிமன்றம், ராணுவம், அலுவலகம், மேல்படிப்பு எல்லாம் பிரெஞ்சு. சட்டங்களில் டச்சுக்குச் சம அந்தஸ்து 1898-ல்தான் கிடைத்தது. முழுக்க டச்சில் நடக்கும் முதல் பல்கலைக்கழகமாகக் கெண்ட் மாறியது 1930-ல். அந்த நூறு வருடத்தில் தலைநகரத்து ஏழை வீடுகளில் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது: பிள்ளைக்கு உத்தியோகம் வேண்டுமானால் பிரெஞ்சு வேண்டும். மதாமின் பாட்டி, நகரத்தின் பழைய ஏழைப் பகுதியான மரோலில் சலவைக்காரி. டச்சு வட்டார வழக்கு மட்டும் தெரியும். மகளைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். அம்மா டச்சில் கேட்பார், மகள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பேத்தியான மதாமுக்கு டச்சில் மிஞ்சியது வசவுச் சொற்களும் ஒரு ஜெபமும்தான். "பாட்டி கடைசியாகப் படுத்திருந்தபோது என்னிடம் நிறையச் சொன்னாள். எனக்குப் பாதி புரியவில்லை" என்றார். என் மனைவி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு இரட்டைப் பெயர்ப்பலகைகளை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். அவை சும்மா வந்தவை அல்ல. டச்சு பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். 1962-63-ல் நாட்டின் குறுக்கே மொழி எல்லைக் கோடு சட்டமாகப் போடப்பட்டது. வடக்கே டச்சு, தெற்கே பிரெஞ்சு, கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் ஜெர்மன். பிரஸ்ஸல்ஸின் 19 நகராட்சிகள் மட்டும் இரு மொழி. எல்லை ஓரத்து ஊர்களில் பலகையில் இருந்த வேண்டாத மொழிப் பெயரை இரவோடு இரவாகப் பெயின்ட் அடித்து அழித்திருக்கிறார்கள். இதைக் கேட்டு நமக்கு ஆச்சரியம் வராது. 1952-ல் நம் ரயில் நிலையங்களில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். 1953-ல் டால்மியாபுரம் பலகையில் கல்லக்குடி என்று ஒட்டத் தண்டவாளத்தில் படுத்தார்கள். 1965-ல் நான் பள்ளிச் சிறுவன், பள்ளிக்கூடம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. பின்னாளில் என் அலுவலக வாசலில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று வரிப் பலகையைத் தினமும் பார்த்தேன். பலகையில் எந்த வரி மேலே என்பது சின்ன விஷயமில்லை என்று நமக்கும் தெரியும்.

பெல்ஜியத்தில் ஒரு படி மேலே போய், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொழிக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். கடைசியாகக் கேட்டது 1947-ல். ஆள் எண்ணிக்கையை வைத்து எல்லைக் கோடு நகரும் என்ற சண்டைதான் காரணம்.

ஒரு நாள் மகளோடு ரயிலில் லூவன் போனோம், அரை மணி நேரப் பயணம். பிரஸ்ஸல்ஸில் கிளம்பும்போது இரண்டு மொழியில் அறிவிப்பு. ஊர் எல்லை தாண்டியதும் டச்சு மட்டும். லூவனில் பலகையைப் பார்த்தால், லீஜ் என்ற ஊர் 'லோய்க்' ஆகியிருந்தது. மோன்ஸ் என்கிற ஊருக்கு டச்சில் பெர்கென் என்று பெயர், இரண்டுக்கும் பொருள் மலைதான். பழைய சார்ட்டருக்கே தலை சுற்றும்.

லூவனில் 1425-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் நூலகம் 1914-ல் ஜெர்மன் படையால் எரிந்தது, கட்டியெழுப்பியது 1940-ல் மறுபடி எரிந்தது. இரண்டு போரையும் தாண்டி வந்த பல்கலைக்கழகம் 1968-ல் மொழிச் சண்டையில் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு அரசாங்கமே கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பிரிவு மொழி எல்லைக்குத் தெற்கே போய்ப் புதிதாக ஓர் ஊரையே கட்டிக்கொண்டது. நூலகப் புத்தகங்களை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? அடுக்கு எண் ஒற்றைப்படையானால் ஒருவருக்கு, இரட்டைப்படையானால் மற்றவருக்கு. பாகப்பிரிவினையில் அண்டாவை ஒருவனுக்கும் மூடியை இன்னொருவனுக்கும் கொடுத்த கதைதான்.

இதெல்லாம் ஊர்க்கதை. என் வீட்டுக் கதை பேத்தியிடம் இருந்தது.

பிரஸ்ஸல்ஸில் பள்ளிகள் பிரெஞ்சுப் பள்ளி, டச்சுப் பள்ளி என்று தனித்தனி. மகள் டச்சுப் பள்ளியில் சேர்த்திருக்கிறாள். பூங்காவில் உடன் விளையாடுகிற பிள்ளைகள் பேசுவது பிரெஞ்சு. டி.வி. ஆங்கிலம். நான் தமிழில் கேட்டால் குழந்தைக்குப் புரிகிறது, பதில் ஆங்கிலத்தில் வருகிறது. ஒரு மாலை இதை மெதுவாகச் சொன்னேன். மகளுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "அப்பா, அஞ்சு வயசுக்கு ஏற்கெனவே மூணு பாஷை. நான் வேலைக்குப் போய்ட்டு ஆறு மணிக்கு வரேன். நாலாவதையும் நான் எப்பப்பா சொல்லிக்கொடுக்கறது?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அவளை ஆங்கிலவழிப் பள்ளியில்தான் படிக்க வைத்தேன், உத்தியோகக் கணக்குப் பார்த்து. அது இல்லாமல் அவள் இந்த ஊருக்கு வந்திருக்கவே முடியாது. மரோல் சலவைக்காரப் பாட்டி போட்ட கணக்கும் அதேதான். அந்தப் பாட்டியைக் குறை சொல்ல மதாமுக்கும் மனம் வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மதாம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். மாலை வகுப்பாம். என்ன வகுப்பு என்றால், டச்சு! அவர் மகன் தன் பிள்ளையை டச்சுப் பள்ளியில் சேர்த்திருக்கிறான். இப்போதெல்லாம் பிரெஞ்சுக் குடும்பங்கள் பலவும் அப்படிச் செய்கின்றன, இரண்டு மொழியும் தெரிந்தால்தான் நல்ல வேலை. பேரனின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க இவர் எழுபது வயதில் பாட்டியின் மொழியைப் படிக்கிறார். "பாட்டி சொன்ன வசவு எதுவும் பாடப்புத்தகத்தில் இல்லை" என்று சிரித்தார். பிறகு என் மகளைப் பார்த்துச் சொன்னார்: "நீ சொல்லிக்கொடுக்க வேண்டாம். இவர்கள் பேசட்டும். குழந்தை பதில் எந்த மொழியில் சொன்னாலும் சரி, இவர்கள் மட்டும் மாற்றாமல் பேசட்டும்."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு பேத்தியைத் தூங்க வைக்கும்போது பக்கத்து அறையிலிருந்து காக்கா நரி கதை தமிழில் கேட்டது. சொன்னது மகள்.

ஊர் திரும்பியதும் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேத்திக்கு ஒரு கார்டு. பெரிய பெரிய எழுத்தில் தமிழில் ஒரே ஒரு வரி. விலாசத்தில் தெருப்பெயரை இரண்டு மொழியிலும் எழுதுகிறேன், ஒன்று போதும் என்று தெரிந்தும். போய்ச் சேர இரண்டு வாரம், சில சமயம் மூன்று. ஒன்றுகூடத் தவறவில்லை.

போன வாரம் வீடியோவில் வந்தாள். கையில் கார்டு. "பாட்டி... மு... று..." என்று விரல் வைத்துத் தடவித் தடவி, "முறுக்கு சுட்டாள்" என்று முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று. உடனே நிமிர்ந்து பார்த்து, "அனுப்பு, தாத்தா!" என்றாள்.

வெண்ணெய் சேர்க்காமல் தனியாகச் சுடச் சொல்லியிருக்கிறேன்.